சுவரோரம் ஒரு கடைசி ஸ்டேஷன்: 1:87 அளவில் மாடல் ரயில் கட்ட முழு வழிகாட்டி

திருச்செந்தூர், ராமேஸ்வரம் மாதிரி தண்டவாளம் முடிந்துபோகிற ஸ்டேஷனில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? வண்டி வந்து நிற்கும். கூட்டம் இறங்கிப் போய்விடும். நம்மைப் போன்றவர்களுக்குப் படம் அப்புறம்தான் ஆரம்பம். எஞ்சினைக் கழற்றுவார்கள். அது கொஞ்ச தூரம் முன்னால் போய், பாயிண்ட் (தண்டவாளம் பிரியும் இடம்) மாறி, பக்கத்து லைனில் பின்னோக்கி வந்து, வண்டியின் மறுமுனையில் மாட்டிக்கொள்ளும். இருபது நிமிட நாடகம்.

சின்ன வீட்டில் மாடல் ரயில் கட்ட நினைப்பவருக்கு இதைவிட நல்ல கரு கிடையாது. வட்டமாகச் சுற்றும் ரயில் அரை மணியில் சலித்துவிடும். எஞ்சின் கழற்றி மாட்டும் ஸ்டேஷன் சலிக்காது. அதனால் இங்கே கட்டப்போவது கற்பனையான ஒரு கடைசி ஸ்டேஷன்: தென்மாவட்டம், பனை மரங்கள், ஆண்டு 2010. மின்கம்பி இன்னும் வராத காலம் என்று வைத்துக்கொண்டால் கம்பம் நடும் வேலை மொத்தமும் மிச்சம். ஒரு டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின், நான்கு நீலப் பெட்டிகள், சிமெண்ட் ஆலைக்கென்று பிரியும் சைடிங் லைனுக்கு நிலக்கரி கொண்டுவரும், கூரையில்லாத ஐந்து பாக்ஸ்-என் வேகன்கள். அவ்வளவுதான் நம் ரயில்வே.

பிளைவுட்டை அறுத்துவிட்டு வாருங்கள்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் 8×4 பிளைவுட் ஒன்றை வாங்கி அப்படியே மேஜையாகப் போடுவார்கள். நானும் போட்டேன். அறையை அடைத்துக்கொண்டது, நடுவில் வண்டி கவிழ்ந்தால் கை எட்டவில்லை. அதைவிடப் பெரிய கோளாறு வளைவில். 4 அடி என்பது 1,220 மி.மீ. ஓரத்தில் கொஞ்சம் விட்டால் வளைவின் ஆரம் 560 மி.மீ.க்கு மேல் போகாது. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி நீளம் 21.3 மீட்டர், நம் அளவில் 245 மி.மீ. அந்த வளைவில் அது திரும்பும்போது முனைகள் தண்டவாளத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பொம்மை என்று காட்டிக்கொடுப்பது முதலில் இதுதான்.

அதே பலகையைக் கடையிலேயே நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லுங்கள். 8 அடிக்கு 2 அடி என்று இரண்டு துண்டு. இரண்டு சுவரோரம் ‘ட’ போல் மூலை சேர்த்துப் போட்டால் ஒரு கை 10 அடி, இன்னொன்று 8 அடி. மூலையில் 750 மி.மீ. ஆரமுள்ள வளைவு தாராளமாக உட்காரும். மரச்செலவு ஒன்றுதான், வளைவு மட்டும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிட்டது. நீளமான கையில் ஸ்டேஷன். குட்டைக் கையில் ஓர் அட்டைச் சுவருக்குப் பின்னால் நான்கு லைன் யார்டு, அதாவது மீதி உலகம் முழுவதும். வண்டி அங்கிருந்து வரும், அங்கேயே போய்விடும்.

பிளைவுட் 12 மி.மீ., தண்ணீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம். அடியில் 3 அங்குல பிளைவுட் பட்டையால் சட்டம், ஒவ்வொரு 40 செ.மீ.க்கும் ஒரு குறுக்குப் பட்டை. மேல், கீழ், அறுத்த ஓரம் எல்லாவற்றுக்கும் ப்ரைமர் அடித்துவிடுங்கள். மேலே மட்டும் அடித்தால் ஐப்பசி ஈரத்தில் கீழ்ப்பக்கம் ஊறி, பலகை வில்லாகும். இரண்டு துண்டையும் ஆணியடிக்காமல் போல்ட் நட்டால் சேருங்கள். வாடகை வீடு என்றால் ஏன் என்று சொல்லவேண்டியதில்லை. உயரம் 120 செ.மீ. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பிளாட்பாரம் கண் மட்டத்துக்கு வரும். எஞ்சினின் அடிப்பாகத்தில் செய்த வேலை அப்போதுதான் தெரியும்.

87ஆல் வகுப்பது

எச்.ஓ. என்றால் 1:87. டேப்பும் கால்குலேட்டரும் போதும், உண்மையான அளவை 87ஆல் வகுத்துக்கொண்டே போகலாம். முதல் கணக்கிலேயே ஒரு சங்கடம் வரும். நம் அகலப்பாதை 1,676 மி.மீ. 87ஆல் வகுத்தால் 19.3. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ.; அது ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்கு ஏற்பட்ட அளவு. 16.5 மி.மீ. நம் அகலப்பாதைக்குச் சரியாக வரவேண்டுமானால் அளவு ஏறக்குறைய 1:102 ஆக இருக்கவேண்டும். அந்த அளவில் சக்கரம், மோட்டார், பொம்மை மனிதர் என்று எதையும் கடையில் வாங்கமுடியாது. சிலர் 19.3 மி.மீ. பாதையைக் கையாலேயே போடுகிறார்கள், கும்பிட்டுக்கொள்கிறேன். நாம் 16.5இலேயே போவோம். எதிரே நின்று பார்த்தால் பாதை ஒடுங்கித் தெரியும். நம் ஸ்டேஷனோ பக்கவாட்டில் பார்க்கக் கட்டியது.

தண்டவாளத்தின் உயரத்தில் அதிர்ஷ்டம் நம் பக்கம். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 172 மி.மீ., வகுத்தால் 1.98. மாடல் தண்டவாளத்தின் உயரத்தை ‘கோட்’ எண்ணால் சொல்வார்கள். கோட் 75 தண்டவாளம் 1.9 மி.மீ., கோட் 83 என்றால் 2.1. எதை வாங்கினாலும் பொருந்தும். கோட் 100 வேண்டாம், அது 2.5 மி.மீ.; பக்கத்திலிருந்து பார்த்தால் உத்தரம் மாதிரி இருக்கும்.

பாதை போடுவது

பலகை மேல் 3 மி.மீ. கார்க் ஷீட், அதன் மேல் வளைக்கக்கூடிய தண்டவாளம். ஸ்டேஷனுக்கு நடுத்தர ஆரமுள்ள பாயிண்ட் இரண்டு, சைடிங்குக்கு ஒன்று. பாயிண்ட் ஒவ்வொன்றும் சுமார் 22 செ.மீ. கடைசியில் எஞ்சின் ஒதுங்க 25 செ.மீ. விட்டால், நடுவே, எஞ்சின் சுற்றிவர உதவும் லூப் லைனில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் கிடைக்கும். கொக்கிகளையும் சேர்த்து நான்கு ஐ.சி.எஃப். பெட்டி அதில் சரியாக அடங்கும். நிஜத்தில் பாக்ஸ்-என் ரேக் (ஒரு முழு வண்டி) என்றால் 58 வேகன், மாடலில் 7 மீட்டருக்கு மேல். நாம் ஐந்தோடு நிறுத்திக்கொண்டு, ரேக்கை உடைத்து சைடிங்கில் வைக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் முதல் பாதையை மார்கழியில் போட்டேன். துண்டுக்குத் துண்டு இடைவெளியே தெரியாமல் ஒட்டிவைத்து, பார்ப்பவர்களிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன். மே மாதம் ஊருக்குப் போய்த் திரும்பி, பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தால் பிளாட்பாரம் எதிரே தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கிறது. ஒரு மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி சூட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். நான்கு மீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, ஒட்டியபின் உருவிவிடுங்கள். வெயில் காலத்தில் போடுகிறவர் ஒட்டியே போடலாம்.

இணைப்புத் தகடு மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பாதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஒரே வருடத்தில் கறுத்துவிடும். பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. ஒயர் இரண்டு நிறத்தில் முழு நீளத்துக்கும் ஓடட்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய ஒயரை இறக்கி அதில் சால்டர் வையுங்கள். ஒட்டுமொத்த வேலையில் அலுப்பான கட்டம் இது. ஆனால் எஞ்சின் நடுவழியில் நின்று விரலால் தள்ளவேண்டிய அவமானம் இதைச் செய்தவருக்கு வராது. ஒரே எஞ்சின் என்றால் 12 வோல்ட் டி.சி. கண்ட்ரோலர் போதும். எஞ்சினின் ‘டுக் டுக்’ சத்தமும் வேண்டும் என்கிற ஆசை வந்தபிறகு டி.சி.சி. எனும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாறலாம், ஒயரிங் அப்படியே உதவும்.

இப்போது ஜல்லி, செடி, பிளாட்பாரம் எதுவும் வேண்டாம். ஒரு வாரம் வெறுமனே வண்டி ஓட்டுங்கள். பின்னோக்கித் தள்ளுங்கள், பாயிண்ட் மாற்றுங்கள், மெதுவாக ஊரவிடுங்கள். தடம் புரளும் இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். குறி ஒரே இடத்தில் விழுந்தால் குற்றம் பாதையில், ஒரே வேகன் எல்லா இடத்திலும் புரண்டால் குற்றம் சக்கரத்தில். கடையில் வாங்கும் சக்கரங்களில்கூட உட்பக்க இடைவெளி பிசகியிருக்கும். வெர்னியர் வைத்து 14.4 முதல் 14.5 மி.மீ.க்குள் இருக்கிறதா பாருங்கள். எத்தனை நுணுக்கமாகச் செய்த வண்டியும் கவிழ்ந்து கிடந்தால் குப்பைதான்.

பாக்ஸ்-என்: கையால் செய்யும் முதல் வேகன்

எஞ்சினுக்கு முன்னால் வேகனில் கை பழகுங்கள். பாக்ஸ்-என் ஒரு திறந்த பெட்டி, நேர்கோடுகள்தான், பிழையானால் நஷ்டம் ஒரு துண்டு பிளாஸ்டிக் ஷீட். அளவுகள் இதோ: கொக்கியிலிருந்து கொக்கி வரை 10,713 மி.மீ., நமக்கு 123. அகலம் 3,200, நமக்கு 36.8. தண்டவாள மேல்மட்டத்திலிருந்து உயரம் 3,225, நமக்கு 37. போகியின் (அடியிலுள்ள சக்கரத் தொகுதியின்) மையத்திலிருந்து மையத்துக்கு 6,524, நமக்கு 75.

பக்கச் சுவருக்கு 1 மி.மீ. ஸ்டைரீன் ஷீட், வெளியே எழும்பி நிற்கும் செங்குத்து விலாக்களுக்கு மெல்லிய ஸ்டைரீன் பட்டை. விலா ஒவ்வொன்றையும் அளந்து ஒட்டாதீர்கள். ஓர் அட்டையில் கோடு போட்டு, ஷீட்டை அதன் மேல் வைத்து, இரண்டு பக்கத்துக்கும் அதே கோட்டில் ஒட்டுங்கள். எண்ணிக்கையையும் கீழ்க்கதவுகளின் இடத்தையும் நீங்களே எடுத்த பக்கவாட்டுப் படத்தைப் பார்த்து வையுங்கள். படத்தில் இன்னொன்றும் கவனியுங்கள்: வேலைபார்த்த பாக்ஸ்-என்னின் சுவர் நேராக இருக்காது. நிலக்கரியின் பாரமும் இயந்திரங்களின் இடியும் சேர்ந்து விலாவுக்கு விலா வெளியே உப்பியிருக்கும். ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியை வெந்நீரில் முக்கி, உள்ளேயிருந்து லேசாக அழுத்தினால் அந்த வயிறு வந்துவிடும். ஐந்தில் இரண்டு வேகனுக்குச் செய்தால் போதும்.

போகியை நீங்களே செய்யவேண்டியதில்லை. நம் சரக்கு வேகனில் இருக்கும் காஸ்நப் ரகப் போகி அமெரிக்க மூன்று-துண்டு வார்ப்பு போகியின் வாரிசு. அமெரிக்க எச்.ஓ. சரக்கு வேகனுக்கு விற்கும் உருளை-பேரிங் போகியை அப்படியே மாட்டலாம். 36 அங்குலச் சக்கரம் கேட்டு வாங்குங்கள், மாடலில் 10.5 மி.மீ. வரும். நிஜ அளவுப்படி 11.5 இருக்கவேண்டும், அந்த ஒரு மில்லிமீட்டரை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

கொக்கி விஷயத்தில் மட்டும் ஒரு முடிவெடுங்கள். நம் ரயில்வேயில் சி.பி.சி. எனும் நடுக் கொக்கியின் மையம் அதிகபட்சம் 1,105 மி.மீ. உயரத்தில், மாடலில் 12.7. அமெரிக்க மாடல் கொக்கி 10 மி.மீ.யில் உட்காரும். நண்பர்களின் வண்டியோடு சேர்த்து ஓட்டப் போகிறவர் 10இலேயே வைத்துக்கொள்ளட்டும். நான் 12.7 வைத்தேன், எஞ்சின் முகத்தில் பஃபரும் கொக்கியும் ஒரே கோட்டில் நிற்பதைப் பார்த்தபிறகு 10க்கு இறக்க மனசு வரவில்லை.

எடை மறக்கக்கூடாது. அமெரிக்க மாடலர் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் கணக்கு எளிது: 28 கிராம், அதோடு கொக்கி நீங்கலான வேகன் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். பாக்ஸ்-என்னுக்கு ஏறக்குறைய 90 கிராம் வரும். தரைக்கு அடியில் இரும்பு நட்டுகளை ஒட்டினால் சரியாகிவிடும்.

நிறத்துக்கு ரெட் ஆக்ஸைடு சாயல், உள்ளே முழுக்கத் துரு. வெள்ளை எழுத்துதான் தலைவலி, சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. எழுத்து மட்டும் வெறுமையாக விட்டு, சுற்றிலும் வேகன் நிறத்தை வெள்ளை டீகால் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் தாள்) அச்சிட்டு, விலாக்களுக்கு நடுவில் ஒட்டுங்கள். முதலில் டீகாலை அச்சிட்டுவிட்டு அந்த நிறத்துக்கு வேகனுக்குப் பெயிண்ட் கலப்பது சுலபம். தலைகீழாகச் செய்தால் சீக்கிரம் பைத்தியம் பிடிக்கும். 11 இலக்க எண் ஐந்து வேகனிலும் வேறு வேறாக இருக்கட்டும்.

நிலக்கரிக்குத் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் ஒரு கை கரி வாங்கி இடித்துச் சலியுங்கள். தெர்மாகோல் துண்டில் ஒட்டி, அடியில் ஓர் இரும்பு வாஷரைப் பதித்தால், காந்தத்தை மேலே காட்டிப் பாரத்தைத் தூக்கிவிடலாம். சைடிங்குக்குப் பாரவண்டி போகும், காலி வண்டி திரும்பும்.

எஞ்சின்

டபிள்யூ.டி.எம்.2 அமெரிக்க ஆல்கோவின் வடிவமைப்பு. 1962இல் அங்கிருந்து வந்தது, பிறகு வாரணாசியில் கட்டினார்கள். 2,600 குதிரைசக்தி, நீளம் 17,120 மி.மீ., நமக்கு 197. இதன் அடையாளம் போகியில் இருக்கிறது: மூன்று அச்சுகளும் சம இடைவெளியில் இருக்காது, ஒருபக்கம் நெருங்கி இன்னொரு பக்கம் விலகி நிற்கும். உடலை எவ்வளவு அழகாகச் செய்தாலும், சம இடைவெளிப் போகி மேல் வைத்தால் பழகிய கண்ணுக்கு உறுத்தும். அதனால் மோட்டாரோடு கூடிய சேஸிஸ் தேடும்போது ஆல்கோவின் ஆர்.எஸ்.டி. வரிசை அமெரிக்க மாடல்களைப் பாருங்கள். அதே குடும்பம், அதே போகி. சக்கரம் மட்டும் 12.5 மி.மீ.க்குப் பதில் ஏறக்குறைய 11.7 இருக்கும்.

உடலை 3டி பிரிண்ட்டில் எடுப்பது இப்போது எல்லாரும் செய்வது. ரெசின் பிரிண்ட் என்றால் ஜன்னலோரம் வெயிலில் வைக்காதீர்கள், மெல்லிய ஓடு வளைந்துவிடும். கைப்பிடிக் கம்பிகளை மட்டும் பிரிண்ட்டில் விட்டுவிடாதீர்கள். தடிமனாக வரும், தொட்டால் உடையும். 0.4 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை வளைத்து, 0.45 மி.மீ. துளைபோட்டுச் செருகுங்கள். அத்தனை தூணும் ஒரே உயரத்தில் நிற்க, ஒரு ஸ்டைரீன் பட்டையை அடியில் தாங்கலாக வைத்து ஒட்டிவிட்டு உருவிவிடலாம். காற்று வலைகளுக்கு டீ வடிகட்டியின் எவர்சில்வர் வலையைக் கத்தரித்துப் பயன்படுத்தினேன். வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

நிறத்துக்கு ஒரே ஓர் எஞ்சின் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதே எண்ணின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு செய்யுங்கள். எஞ்சினைப் பராமரிக்கும் ஷெட்டுக்கு ஷெட் நிறப்பட்டை மாறும்; பொதுவான டபிள்யூ.டி.எம்.2 என்று ஒன்று கிடையாது. புகைபோக்கியைச் சுற்றிக் கூரையில் கரி, எரிபொருள் டேங்க் ஓரம் எண்ணெய் வழிந்த பளபளப்பு, போகியில் தூசி. பளபளப்பு அந்த ஓர் இடத்தில் மட்டும்.

கடைசி ஸ்டேஷனில் திருப்பும் மேடை கிடையாது என்பதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். டிரைவர் அறை ஒரு முனைக்கு அருகில் இருப்பதால், வரும்போது குட்டை மூக்கு முன்னால் என்றால் போகும்போது நீள மூக்கு முன்னால். இரண்டு முகமும் தெரியும், அதனால் இரண்டு பக்கமும் ஒரே அக்கறையோடு செய்யவேண்டும்.

பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நீலமும் வெளிர்நீலமும், ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி. கம்பியைத் தெளிவான ஷீட்டில் ஊசியால் கீறி, கறுப்புப் பெயிண்ட் தேய்த்துத் துடைத்தால் கோட்டில் மட்டும் தங்கும். நான்கையும் ஒரே ரேக்காக இணைத்துவிட்டு, இரு முனைக்கு மட்டும் கொக்கி வையுங்கள்.

ஜல்லியும் தேரி மண்ணும்

நிஜ ஜல்லி 50 மி.மீ. சுமாருக்கு. நமக்கு 0.6 மி.மீ. எம்-சாண்டை ரவை சலிக்கும் சல்லடையிலும் அதைவிட நைசானதிலும் சலித்து, நடுவில் நிற்பதை எடுங்கள். அதன் மேல் காந்தத்தை ஒருமுறை ஓட்டுங்கள். இரும்புத்தூள் ஒட்டும், எஞ்சின் மோட்டாருக்குள் போனால் அதுதான் எமன். பாதையில் கொட்டி, பிரஷ்ஷால் ஸ்லீப்பர் மட்டத்துக்கு ஒதுக்கி, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப் கலந்து தெளியுங்கள். பிறகு ஒரு பங்கு ஃபெவிகால், மூன்று பங்கு தண்ணீர், சிரிஞ்சால் சொட்டு சொட்டாக. ஈரம் காட்டாமல் பசையை ஊற்றினால் ஜல்லி உருண்டை உருண்டையாகத் திரண்டு பாழாகும். பாயிண்ட் நாக்குகளின் பக்கத்தில் பசையைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 9 மி.மீ. உயரம், லைன் மையத்திலிருந்து 19 முதல் 20 மி.மீ. தள்ளி. ஒட்டுமுன் நீளமான பெட்டியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெயர்ப்பலகை மஞ்சள், எழுத்து கறுப்பு: முதலில் தமிழ், பிறகு இந்தி, பிறகு ஆங்கிலம். மூலையில் கடல்மட்ட உயரம்.

சிவப்பு மண்ணுக்கு உண்மையான தேரி மண்ணே எனக்குக் கிடைத்தது. பழைய வாணலியில் வறுத்துப் பூச்சியைக் கொன்றபிறகு சலித்தேன். வேலிக்கருவைக்கும் வேம்புக்கும் காய்ந்த துளசிக் கிளை அருமையான எலும்புக்கூடு. பனைக்குத் தண்டு மூங்கில் குச்சி, ஓலை பச்சைக் காகிதத்தை விசிறியாக மடித்து நறுக்கியது. உச்சி உருண்டையாக வரவேண்டும், தென்னை மாதிரி தொங்கினால் ஊர் மாறிவிடும்.

வண்டி ஓட்டும் நாளுக்கெல்லாம் தண்டவாளத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். இரவில் பழைய வேட்டியால் மூடிவையுங்கள். பல்லி எச்சம் பாயிண்டில் விழுந்தால் பெயிண்டோடுதான் வரும்.

இன்னும் ஒன்று பாக்கி. கடைசிப் பெட்டியில் எல்.வி. (லாஸ்ட் வெஹிகிள்) பலகை மாட்டியிருப்பார்கள், வண்டி முழுசாக வந்து சேர்ந்ததா என்று ஸ்டேஷனில் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். எஞ்சின் மறுமுனைக்குப் போனதும் அந்தப் பலகையும் இடம் மாறவேண்டும். 3 மி.மீ. அளவுள்ள குட்டித் தகட்டில் எழுதி, முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் ஒரு கொக்கி வையுங்கள். பலகையை எடுத்து மாட்ட ட்வீசர் ஒன்று லேஅவுட் ஓரத்திலேயே தொங்கட்டும்.